பெண் பெயரில் பட்டா

கீழத் தஞ்சையில் நிலம் மிராசுதாரர்க்கும் மடங்களுக்கும் கோயில்களுக்கும் உரியதாயிருந்தது. நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்த நம் பெண்களுக்கோ ஒரு குழி நிலமும் சொந்தமன்று. கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

அக்கொடுமை கேட்டு அங்குச் சென்றோருள் ஒருவர் கிருஷ்ணம்மாள். 1926இல் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து பட்டம் பெற்றவர். அவரும் கணவர் ஜெகந்நாதனும் 1981இல் 'லாஃப்டி' எனும் நிலவுரிமை இயக்கத்தைத் தொடங்கினர். மிராசுதாரரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஓர் ஏக்கர் வீதம் நிலம் கிடைக்கச் செய்தனர். பட்டா பெண்கள் பெயரில் எழுதப்பட்டது. குடிக்கும் கடனுக்கும் நிலம் கைமாறாதிருக்க அதுவே காப்பாயிற்று.

1990களில் வேறோர் இடர் வந்தது. கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றில் தேக்கிய உப்புநீர் அண்டை வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் ஊறியது. நடவு வேலையும் குறைந்தது. பெண்கள் அறப்போரில் இறங்கினர். ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். விளைநிலத்தை இறால் குளமாக்கலாகாது, கேடுற்றோர்க்கு இழப்பீடு வேண்டும் என 1996 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது.

இளைஞர்களே! மண் உப்பானால் பட்டாவால் பயனில்லை. பட்டா இல்லையேல் மண்ணைக் காப்பது அரிது. உங்கள் இல்லத்துப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் தாயின் பெயர் உண்டா? அதனைப் படித்தறிந்து கேட்கத் துணிவதே நாம் பெற்ற கல்வியின் பயன்.