வின்டர்தூரிலிருந்து பொன்மலைக்கு

சில ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் இருந்தபோது, ரிகி மலைக்குப் போவதாகத்தான் திட்டம். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது, மலை மேகத்துக்குள் போய்விட்டது. ஏரிக்கரையை ஒட்டிய போக்குவரத்து அருங்காட்சியகத்தில் ஒதுங்கினோம்.

அங்கே ஒரு பழைய என்ஜின். கொதிகலன் படுத்திருக்கவில்லை, பீப்பாய்போல் நிமிர்ந்திருந்தது. சமதளத்தில் சற்றே சாய்ந்து தெரியும் அது, ஏற்றத்தில் ஏறினால் செங்குத்தாகிவிடும். அப்போதுதான் உள்ளே தண்ணீர் மட்டம் ஒருபக்கமாகச் சரியாது. குனிந்து அடியில் பார்த்தேன். பல்சக்கரம்! நீலகிரி மலை ரயிலின் குன்னூர் ஷெட்டில் பார்த்தது போன்ற பல்சக்கரம்.

சென்னையில் கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறி வளர்ந்தவன் நான். 1931-இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் நின்றன. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் மிஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயிலில் மட்டும்தான். அதன் வேர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது.

1871-இல் ரிகியில், பல்சக்கரம் கவ்வி ஏறும் பல்சட்ட ரயிலை ஏற்றியவர் நிக்லாஸ் ரிகன்பாக். 1880-களின் தொடக்கத்தில் அரசு அழைக்க நீலகிரிக்கே வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனால் நமக்கு வாய்த்தது அவருடைய ஏணி போன்ற பல்சட்டமல்ல, அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் கண்டுபிடித்தது: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல்சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். எந்த நொடியிலும் பிடி விட்டுப்போகாது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் பாதைக்குப் பல்சட்டம் இல்லாமல் முடியாது. 1899-இல் குன்னூர் வரை வண்டி ஏறியது, 1908-இல் ஊட்டி.

அருங்காட்சியகத்தில் நான் பார்த்தது ரிகியின் 7-ஆம் எண் என்ஜின். வின்டர்தூர் ஊரில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை 1873-இல் செய்த முதல் என்ஜின், தலைச்சன் பிள்ளை. 1914 முதல் நீலகிரிப் பாதையின் அடிவாரமான மேட்டுப்பாளையத்துக்கு எக்ஸ் வகை என்ஜின்களை அனுப்பியதும் அதே தொழிற்சாலைதான். இந்த எக்ஸ் வகையில், சமதளத்தில் கீழுள்ள இரண்டு சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். பல்சட்டம் வந்ததும், அவற்றில் உழைத்து முடித்த நீராவியை வீணாக வெளியே விடாமல் மேலுள்ள இரண்டுக்கும் கொடுத்துப் பல்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். எவ்வளவு சிக்கனமான மூளை!

அந்த மூளை இப்போது திருச்சி பொன்மலையில் இருக்கிறது. 2011 முதல் நம் பணிமனைத் தொழிலாளர்கள் எக்ஸ் வகையைப் புதிதாகவே செய்து மலையேற்றினார்கள், கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடும்படி. பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும் அவை. கல்லாறு தாண்டியதும் வேகம் தணியும், பல்லைப் பல் கவ்வும் அதிர்வு பெட்டியின் தரை வழியாகக் காலுக்கு வரும்.