தலைவரின் சமயமும் நமது தராசும்

அரசியலாளரை அவர்தம் சமயத்தைக் கொண்டு எடைபோடுவது ஈழத்திற் புதிதன்று. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. கிறிஸ்தவராய்ப் பிறந்த சிங்களத் தலைவர் சிலர் பௌத்தத்தைத் தழுவினர். அத்தகையோரை ‘டொனமூர் பௌத்தர்’ என்று பலர் எள்ளினர்; தமிழராகிய நாமும் உடன் நகைத்தோம். வாக்குக்காகச் சமயம் மாறுவது இழிவு என்பதே நமது தீர்ப்பு.

அத்தீர்ப்பை நம் வீட்டு முற்றத்திலும் வைத்துப் பார்ப்போம். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் கிறிஸ்தவ குடும்பங்களிற் பிறந்து, கொழும்பு சென் தோமஸ் கல்லூரியிற் கற்றவர்கள். முன்னவர் பௌத்தரானார். பின்னவரோ, சைவர் செறிந்த காங்கேசன்துறைத் தொகுதியில் நின்றும், 1977 இல் மறையும்வரை கிறிஸ்தவராகவே இருந்தார். நமது தீர்ப்பின்படி இது போற்றத்தக்க நேர்மையன்றோ? ஆயினும், கிறிஸ்தவர் சைவருக்குத் தலைவராகலாமா என்ற குரல் நம்மவரிடையே எழுந்தது. மாறியவரைப் பழித்தோம், மாறாதவரை ஐயுற்றோம். இது எந்த ஊர் நியாயம்?

விடையைத் திருமலையாராகிய நாம் அறிவோம். 1968 இல் உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம், பிரெட்ரிக் கோட்டையிலுள்ள கோணேசர் ஆலயச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராயக் குழுவொன்றை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவர் எதிர்க்கவே, பிரதமர் டட்லி சேனநாயக்க குழுவை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்தை விட்டு விலகியது. மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்ட கசப்பும் அவ்விலகலுக்குக் காரணமே. எனினும், சிவாலயத்தின் பொருட்டு மூண்ட பிணக்கிலே அமைச்சர் பதவியைத் துறந்த அக்கட்சியின் தலைவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை மறக்கலாமா?

அதே ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதை முன்னின்று தடுத்தவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். அவர் சைவர். அவர் நம் தலைவராகலாமா என்று சமயத்தின் பெயரால் எவரும் கேட்டோமா?

நம்மிற் பலர் மிஷன் பாடசாலைகளிலே கற்றோம். அதனால் நமது சைவப்பற்றை ஒருவர் ஐயுற்றாற் பொறுப்போமா? பொறுக்கமாட்டோம். பிறர்க்கும் அந்நீதியையே வழங்குவோம். ஒருவர் எங்கே வணங்குகிறார் என்பதை இறைவன் பார்த்துக்கொள்வான். அவர் மக்களுக்கு என்ன செய்தார் என்பதை நாம் பார்ப்போம். மன்றத்து இளைஞரும் பெரியோரும் ஒரே தராசைக் கையிலெடுப்போமாக.