தேய்மானம் எழுத முடியாத கால்குலேட்டர்

அலமாரி மேல்தட்டை ஒழிக்கச் சொல்லி வீட்டம்மா ஆறு மாசமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாய் ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் கிடந்தது. அக்கா பையனுடையது. நியூஜெர்சியில் ஹைஸ்கூல் சேர்ந்தபோது, 2007ல் வாங்கினது. 2015ல் அக்கா மும்பை வந்தபோது, "சும்மாதானடா கிடக்கு, பாப்பாவுக்கு விளையாட ஆகும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். பாப்பாவும் கொஞ்ச நாள் வளைகோடு வரைந்து விளையாடினாள். அப்புறம் அலமாரிக்குப் போய்விட்டது.

பின்மூடியைத் திறந்தால், நாலு பேட்டரியும் வெள்ளை பூத்துப் பொடி உதிர்ந்து கிடந்தது. ஒரு பக்கத்து ஸ்பிரிங்கையே காணோம், அரித்துத் தின்றுவிட்டது. (மாடல் பேரெல்லாம் கேட்காதீர்கள். தப்பு கம்பெனி மேல் இல்லை. பேட்டரியைக் கழற்றாமல் வருஷக்கணக்கில் போட்டு வைத்த எங்கள் மேல்தான்.) போட்டோ எடுத்து, "தூக்கிப் போட்டுடவா?" என்று அக்கா பையனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. ஆனாலும் உடனே போன் வந்தது.

"மாமா, போட்றாதீங்க! அதுல தாத்தா புரோகிராம் இருக்கு."

அது என்ன தாத்தா புரோகிராம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த மெஷினின் கதை. இரண்டு வாரம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில், என் பி.காம். மூளைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது.

விருதுநகரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அக்கவுண்டன்சி சார் தேய்மானம் நடத்தினார். ஒரு சொத்து மூன்று விதமாய் மதிப்பிழக்கும் என்பார். உழைத்துத் தேயும், சும்மா கிடந்தே தேயும், புதுசாய் ஒன்று வந்ததும் வழக்கொழிந்து தேயும். வங்கியில் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 33.33 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோம். மூன்றே வருஷத்தில் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தக் கால்குலேட்டர் எப்போதோ செத்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஜாதி மெஷின் முப்பது வருஷம் அந்த மூன்றுக்கும் டிமிக்கி கொடுத்திருக்கிறது!

கையடக்கக் கால்குலேட்டருக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1967ல். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி, ஜெர்ரி மெரிமேன், ஜேம்ஸ் வான் டாசல் மூவரும் சேர்ந்து மாதிரி மெஷின் ஒன்றைச் செய்தார்கள். (இந்தக் கில்பிதான் ஐ.சி. சிப்புக்காக 2000த்தில் இயற்பியல் நோபல் வாங்கியவர்.) 1972ல் ஹ்யூலெட் பேக்கார்டின் ஹெச்.பி.-35 வந்தது. சைன், காஸ், லாக் எல்லாம் போடும். விலை 395 டாலர். அதோடு இன்ஜினீயர்களின் சிலைடு ரூல் வீட்டுக்குப் போனது. 1976ல் டி.ஐ.-30 கிட்டத்தட்ட அதே வேலையை 25 டாலருக்குச் செய்தது. நாலு வருஷத்தில் 395லிருந்து 25. இந்த இரண்டு எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1985ல் கேசியோ எஃப்.எக்ஸ்.-7000ஜி வந்தது. சமன்பாட்டைக் கொடுத்தால் திரையில் வளைகோட்டையே வரைந்து காட்டிய முதல் கால்குலேட்டர் இதுதான். புரோகிராமுக்கு இருந்த இடம் 422 பைட்.  திரையில் அகலவாக்கில் 96, உயரவாக்கில் 64 புள்ளிகள். நம்மூரில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி லாகரிதம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்காவில் இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனதில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் ஃபிராங்க் டெமானா, பெர்ட் வெய்ட்ஸ் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. பையன் கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதிலேயே பீரியட் முடிந்துவிட்டால், அந்தக் கோடு ஏன் வளைகிறது என்று எப்போது யோசிப்பான் என்பது அவர்கள் கட்சி. ஆசிரியர்களுக்கு இதற்கென்றே பயிற்சி நடத்தினார்கள். 1990ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டி.ஐ.-81ஐ இறக்கியது.

திருப்பம் அதற்கப்புறம்தான். 1994ல் எஸ்.ஏ.டி. தேர்வில் கால்குலேட்டரை அனுமதித்தார்கள். 1995ல் ஏ.பி. கால்குலஸ் தேர்வுக்குக் கிராஃபிங் கால்குலேட்டரைக் கட்டாயமாக்கினார்கள். தேர்வு கேட்டால் பள்ளிக்கூடம் கேட்கும், பள்ளிக்கூடம் கேட்டால் அப்பா பர்ஸைத் திறந்துதானே ஆக வேண்டும்?

பாடப்புத்தகத்தில் "இந்தப் பட்டனை அழுத்து, அடுத்து இந்தப் பட்டன்" என்று அச்சாகிவிட்டது. டீச்சருக்கும் அதே பட்டன்கள் மனப்பாடம். இனி மெஷினை மாற்றினால் எல்லோருக்கும் தலைவலி. ஆகவே யாரும் பெரிதாய் மாற்றவில்லை. 1996ல் டி.ஐ.-83, 1999ல் டி.ஐ.-83 பிளஸ், 2004ல் டி.ஐ.-84 பிளஸ் என்று பேர் மாறியது, நினைவகம் கூடியது. திரை மட்டும் அதே 96க்கு 64. உள்ளே இருந்த மூளை 1976ல் ஸைலாக் கம்பெனி கொண்டுவந்த ஸெட்80 ரகம்.

மாற்றிப் பார்த்ததற்கு என்ன ஆனது என்பதும் சுவாரசியம். 1995ல் டி.ஐ.-92 வந்தது. அட்டகாசமான மெஷின், இயற்கணிதத்தையே எழுத்தில் போட்டுத் தரும். ஆனால் டைப்ரைட்டர் மாதிரி எழுத்துப் பலகை வைத்திருந்ததால் எஸ்.ஏ.டி. ஹாலுக்குள் விடவில்லை. 1998ல் ஏறக்குறைய அதே சமாச்சாரத்தைச் சாதாரணக் கால்குலேட்டர் உடம்புக்குள் வைத்து டி.ஐ.-89 என்று விற்றார்கள். உள்ளே விட்டுவிட்டார்கள். மெஷினின் ஆயுளைத் தீர்மானித்தது ஃபேக்டரி இல்லை, தேர்வு விதிதான்.

இதற்கு ஐந்தொகை போட்டால் இரண்டு பக்கமும் கனமாய் இருக்கும்.

நஷ்டப் பக்கம்: நாலு வருஷத்தில் 395 டாலர் 25 ஆன ஊரில், இந்த மெஷின் இருபது வருஷமாய் ஏறக்குறைய 100 டாலரிலேயே நின்றது. உள்ளே இருந்த சாமான்களின் விலை சரிந்துகொண்டே வந்தும், வாங்குகிறவனுக்குக் குறையவில்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய தொகை. அதனால் பள்ளிக்கூடங்களே வாங்கி வகுப்பில் இரவல் கொடுத்தன. யாரும் பைக்குள் போட்டுக்கொண்டு போகாமலிருக்க, அதற்கென்றே பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் ஒரு ரகம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தாலே பள்ளிக்கூடச் சொத்து என்று தெரிந்துவிடும் :-)

லாபப் பக்கம்: அண்ணன் வாங்கியது தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. பத்து வருஷப் பழசானாலும் தேர்வு ஹாலில் அதற்கு அதே மரியாதை. அசையும் பாகம் என்று பார்த்தால் பட்டன்கள் மட்டுமே. கறுப்பு வெள்ளைத் திரை சொற்ப மின்சாரம்தான் குடிக்கும். நாலு ட்ரிபிள் ஏ பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மேலே தள்ளி மூடும் கெட்டிப் பிளாஸ்டிக் உறை, பைக்குள் புத்தகங்களோடு மோதினாலும் திரையைக் காப்பாற்றும்.

கெடவே கெடாதா என்றால், கெடும். படித்ததிலிருந்தும் ரிப்பேர்க்காரரிடம் கேட்டதிலிருந்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, திரை வெறுமையாய் இருப்பது, அல்லது முழுக்கக் கறுப்பாய் இருப்பது. பல நேரம் ரிப்பேரே இல்லை, கான்ட்ராஸ்ட் ஓரமாய் ஓடிப்போயிருக்கும். பல டி.ஐ. ரகங்களில் செகண்ட் பட்டனைத் தட்டிவிட்டு மேல் அல்லது கீழ் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் சரியாகும்.

இரண்டாவது, திரையில் செங்குத்தாய்ச் சில வரிசைப் புள்ளிகள் காணாமல் போவது. திரையையும் சர்க்யூட் போர்டையும் சேர்க்கும் மெல்லிய நாடாவைப் பல மாடல்களில் சால்டர் வைப்பதில்லை, சூட்டில் ஒட்டியிருப்பார்கள். கீழே விழுந்தாலோ, வருஷம் ஆனாலோ அந்த ஒட்டு விட்டுப்போகும். இதமாய்ச் சூடு காட்டி அழுத்தினால் மறுபடி பிடிக்கும். சூடு கூடினால் நாடாவே போய்விடும். கை பழகினவர் செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது, எங்கள் கேஸ். ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். கசிந்து வெளியே வந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகும். போகிற வழியில் உலோகத்தை அரித்துவிடும். அதாவது சார் சொன்ன இரண்டாவது வகை, சும்மா கிடந்தே தேய்வது.

செம்பூரிலிருந்து கிராண்ட் ரோடு போய் இறங்கி, லேமிங்டன் ரோடில் நாலு கடை ஏறினேன். மூன்று கடையில் பார்த்ததுமே கையை விரித்தார்கள். நாலாவது, மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை மட்டும் போட்ட கடை. பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஹோ ஜாயேகா" என்றார். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்தார். காரத்துக்கு அமிலம் மருந்து. (எலுமிச்சம்பழச் சாறும் இதே வேலையைச் செய்யும்.) பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டார். செத்துப்போன டி.வி. ரிமோட் ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கைப் பிடுங்கி இங்கே பொருத்தினார். ரிமோட்டுக்கும் அதே ட்ரிபிள் ஏ தானே, அளவு கச்சிதம். கூலி 150 ரூபாய்.

பேட்டரி போட்டதும் திரை உயிர்பெற்றது. ஆனால் நினைவகம் துடைத்த மாதிரி காலி. எனக்குப் பகீரென்றது.

இப்போது தாத்தா புரோகிராம். எங்கள் அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதினவர். 2009 லீவுக்குப் பேரன் வந்திருந்தபோது, அவர் கூட்டுவட்டியை மனக்கணக்காய்ப் போடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். ராத்திரி உட்கார்ந்து இந்தக் கால்குலேட்டரில் ஒரு வட்டி புரோகிராம் எழுதினான். அப்பா மறுநாள் முழுக்க ஒவ்வொரு கணக்காய்க் கொடுத்துப் பென்சிலில் சரிபார்த்தார். கடைசியில், "பைசாவை ரவுண்டு பண்றதுல தப்பு பண்ணுது பாரு" என்று ஒரு பிழையும் கண்டுபிடித்தார். பையன் திருத்தினான். 2012ல் அப்பா போய்விட்டார். பையன் இன்றைக்கு மென்பொருள் எழுதித்தான் சம்பாதிக்கிறான்.

அவனுக்குப் போன் போட்டேன். "ரேம்ல இருந்ததெல்லாம் போயிருக்கும் மாமா. உள்ள ஒரு பட்டன் பேட்டரி அதைக் காப்பாத்திக்கிட்டு இருக்கும், அதுவும் தீர்ந்திருக்கும். ஆர்க்கைவ்ல பாருங்க" என்றான். 1999ன் டி.ஐ.-83 பிளஸ் முதல் இந்த ரகங்களில் ஃபிளாஷ் நினைவகம் என்று ஒரு பகுதி உண்டு. மின்சாரமே இல்லாவிட்டாலும் அதில் வைத்தது அழியாது. காப்பியடிக்கக் கூடாதென்று தேர்வுக்கு முன்னால் டீச்சர்கள் கால்குலேட்டர் நினைவகத்தை அழித்துவிடுவார்கள். (அழித்தாகிவிட்டது என்று பொய்த்திரை காட்டப் புரோகிராம் எழுதின வாலுகளும் உண்டு.) எங்கள் பையன் டீச்சருக்குப் பயந்து அதை ஆர்க்கைவில் ஒளித்து வைத்திருக்கிறான். டீச்சருக்காகச் செய்த அந்த வேலைதான், பேட்டரிக் கசிவிலிருந்தும் எங்கள் அசட்டையிலிருந்தும் அதைக் காப்பாற்றியது.

அவன் சொல்லச் சொல்லப் பட்டன் தட்டினேன். பட்டியலில் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: தாத்தா. அதை ரேமுக்குக் கொண்டுவந்து ஓட்டினேன். அசல் 10,000, வட்டி 12, வருஷம் 3. திரையில் 14,049.28 என்று வந்தது. பாப்பா செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "கரெக்ட்பா" என்றாள். நான் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்காக.

மூன்றாவது வகைத் தேய்மானம் மட்டும் கடைசியில் வந்தே விட்டது. 2013ல் கலர்த் திரை வந்தது, சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி வந்தது. பார்க்க அழகு. ஆனால் அந்தப் பேட்டரிக்கு வயசாகும், மாற்றுப் பேட்டரியைப் பெட்டிக்கடையில் கேட்க முடியாது. 2011ல் தொடங்கிய டெஸ்மாஸ், பிரௌசரிலேயே இலவசமாய் வளைகோடு வரைந்து காட்டியது. எஸ்.ஏ.டி. கம்ப்யூட்டருக்கு மாறியபோது, வெளிநாடுகளில் 2023லும் அமெரிக்காவில் 2024லும், டெஸ்மாஸ் தேர்வுத் திரைக்குள்ளேயே வந்துவிட்டது. கைக் கால்குலேட்டரும் கொண்டுபோகலாம், ஆனால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. விதி உயிர் கொடுத்தது, விதியே ஓய்வும் கொடுக்கிறது. பர்ஸைத் திறக்க வேண்டாத பெற்றோருக்கு இது நல்ல செய்திதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று, இன்னொருவன் சர்வரில் ஓடுகிறதைப் பதினாறு வருஷம் கழித்து அலமாரியிலிருந்து எடுக்க முடியாது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று கிடக்கலாம். இன்றைக்கே திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் முதலில் ஆர்க்கைவில் போடுங்கள் அல்லது கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள், பிறகு பேட்டரியைக் கழற்றி வையுங்கள். புதுப் பேட்டரி போடும்போது பெரியதையும் பட்டன் பேட்டரியையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள்.

டிஸ்கி: அலமாரி இன்னும் பாதிதான் ஒழிந்திருக்கிறது. வீட்டம்மா கவனத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்.