ஆலானியரின் முகமன்

பண்டைய ஐரோப்பாவில் நிகழ்ந்த குடிப்பெயர்ச்சிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஹூணரையும் கோத்தரையுமே முன்னிறுத்துவர். அவர்களோடு கலந்து அலைந்த ஆலானியரை நாம் அதிகமாக நினைப்பதில்லை. ஆயினும், ஒரு மக்கள் கூட்டம் பல திசைகளிலும் சிதறுமாயின் அதன் மொழி என்ன ஆகும் என்று அறிய விரும்புவோர்க்கு இவர்களைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பது அரிது.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே பரந்து கிடக்கும் புல்வெளியில் ஆலானியர் வாழ்ந்தனர். பாரசீகத்துக்கு உறவான ஈரானிய மொழி ஒன்று அவர்களுடையது. அவர்கள் உழுது பயிரிடாதவர்கள். மந்தைகளை ஓட்டிக்கொண்டு, கூண்டு வண்டிகளையே வீடாகக் கொண்டவர்கள். தரையில் நாட்டிய வாளை வணங்கியவர்கள். இவ்வாறு நான்காம் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் அம்மியானஸ் எழுதி வைத்திருக்கிறார். வண்டியில் வாழ்வோரை மாளிகையில் வாழ்வோர் வருணிக்கும்போது சிறிது மிகைப்படுத்துவது இயல்பே.

கி.பி. 370-ஐ ஒட்டி ஹூணர் கிழக்கிலிருந்து பாய்ந்தனர். ஆலானியர் பிளவுண்டனர். ஒரு பிரிவினர் வாண்டல்களுடன் சேர்ந்து 406-ஆம் ஆண்டின் இறுதியில் ரைன் நதியைக் கடந்து, 409-இல் ஸ்பெயினுக்குள் புகுந்தனர். அங்கே 418-இல் மேலைக் கோத்தர் அவர்களை முறியடித்து, அரசனையும் கொன்றனர். எஞ்சியோர் வாண்டல் மன்னனை அண்டி, 429-இல் கைசெரிக்கின் தலைமையில் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினர். கார்த்தேஜில் வீற்றிருந்த மன்னர்கள் 'வாண்டல்களுக்கும் ஆலானியருக்கும் அரசர்' என்று பட்டம் தரித்தனர். 534-இல் பைசாந்தியப் படையால் அவ்வரசு அழிந்தது. பட்டமும் உடன் அழிந்தது.

காகஸஸ் மலைப்பக்கம் தங்கியவர்களோ ஒரு நாட்டையே அமைத்துக்கொண்டு வாழ்ந்தனர். 1239-இல் மங்கோலியர் அதனைத் தகர்த்தனர். சிலர் சீனம் வரை கொண்டு செல்லப்பட்டு மங்கோலியப் பேரரசரின் காவற்படையில் பணியாற்றினர்; சிலர் மலையில் இன்னும் உயரே ஏறிக்கொண்டனர். அவ்வாறு ஏறியவர்களின் மொழி வழிவந்ததே இன்று ஒஸ்ஸெத்தியர் பேசும் மொழி.

அதே நூற்றாண்டில் மற்றொரு கூட்டத்தார் ஹங்கேரியில் குடியேறினர். யாஸ் என்று பெயர் பெற்ற இவர்கள் தங்களுக்கெனத் தனி உரிமைகளைப் பெற்று, யாஸ்பெரேனி என்னும் ஊரைச் சுற்றி நிலைத்தனர். நாளடைவில் ஹங்கேரிய மொழியே அவர்கள் வீட்டு மொழியாகிவிட்டது. இனப்பெயர் நிற்க, மொழி மறைந்தது.

1957-ஆம் ஆண்டில் ஹங்கேரியில் ஒரு தாள் கண்டெடுக்கப்பட்டது. 1422-ஆம் ஆண்டுச் சட்ட ஆவணம் ஒன்றின் பின்புறத்தில் யாரோ ஒருவர் ஏறத்தாழ நாற்பது யாஸ் சொற்களைக் குறித்து, இலத்தீனில் பொருளும் எழுதியிருந்தார். தண்ணீர், முட்டை, தானியம் என எல்லாம் அடுப்பங்கரைச் சொற்கள். அரசர் பெயர் இல்லை. போர்ச் செய்தி இல்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பெயர் தெரியாத அந்த எழுத்தர்மீது தனிப்பற்று உண்டாகிறது. யாஸ் மக்களின் வீட்டு வாசலில் நின்று உணவு கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். தண்ணீருக்கு அவர் எழுதிய சொல் 'தான்'. ஒஸ்ஸெத்திய மொழியில் 'தோன்'. ருஷ்யாவின் டான் நதியின் பெயரும் இச்சொல்லுக்கு உறவே.

பட்டியலின் தொடக்கத்தில் ஒரு முகமன் இருக்கிறது: 'த பான் ஹோர்ஸ்'. உன் நாள் நல்லதாகுக என்பது பொருள். காகஸஸ் மலைச்சாரலில் ஒஸ்ஸெத்தியர் இன்றும் ஒருவரையொருவர் கண்டால் 'த பொன் ஹோர்ஸ்' என்கின்றனர்.