சுரந்தணி மூலிகைகளும் சென்னையின் சோதனைகளும்

ஒரு மூலிகை சுரத்தைத் தணிக்கும் என்பதை எவ்வாறு துணிவது? இவ்வினாவிற்குச் சென்னையில் ஒன்றரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதற்கண் நோக்கத்தக்கது, 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சிங்கோனா ஆய்வு. தென்னமெரிக்க மரமாகிய சிங்கோனாவின் பட்டையினின்று பிரித்த கொயினா முதலிய நான்கு சத்துகள் முறைசுரமுற்ற 2,472 பேருக்குத் தனித்தனியே அளிக்கப்பெற்றன. பயனளியாதவை 27 மட்டுமே. ஈண்டுச் சுரத்தின் வகை முன்னரே வரையறுக்கப்பட்டமை கருதற்பாலது.

நம் நாட்டு மூலிகைகளும் புறக்கணிக்கப்பட்டில. 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில் வேம்பும் நிலவேம்பும் இடம்பெற்றன. திருவல்லிக்கேணியில் மருத்துவராயிருந்த மொகிதீன் ஷெரீப் அடுத்த ஆண்டே அதற்குப் பிற்சேர்க்கை நூல் ஒன்று வெளியிட்டார்.

நாட்டு மருந்துகளை ஆராய 1918இல் மாகாண அரசு டாக்டர் கோமனை அமர்த்தியது. அவர்தம் அறிக்கைகள் நாட்டு மருத்துவர்க்கு மனநிறைவு தரவில்லை. பின்னர் முகம்மது உசுமான் தலைமையில் 1921இல் அமைந்த குழு, அம்மருத்துவ முறைகளை அவற்றின் கோட்பாட்டோடு பொருத்தியே ஆராய்ந்தது. அதன் பயனாக 1924இல் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. மேற்கே பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கீழ்ப்பாக்கத்தில் அது இயங்கியது. அதே சாலையில், அரும்பாக்கத்தில், இன்றும் சித்த மருத்துவ ஆய்வு தொடர்கின்றது.

கோட்பாட்டொடு பொருத்துதல் ஏன் வேண்டும்? யூகி முனிவர் நூல் சுரத்தை 64 வகையாகப் பகுக்கின்றது. எனவே, 'சுரத்திற்கு மருந்து' எனப் பொதுப்படக் கூறுதல் சித்தர் மரபிற்கும் ஒவ்வாது. மருந்தைச் செய்யும் முறையும் இன்றியமையாதது. சீனத்து அறிவியலாளர் தூ யூயூ, பழைய நூலொன்று கூறிய முறையைக் கூர்ந்து நோக்கி, மிகுவெப்பத்தைத் தவிர்த்த பின்னரே மலேரியாவிற்கு மருந்தாகும் ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்தார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார்.

டெங்கு பரவிய 2012இல் தமிழக அரசு ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. டெங்குச் சுரமோ பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தானே தணிவது. அன்றியும், சுரம் தணியும் வேளையிலேயே குருதிநீர் கசிந்து உயிர்க்கு இடர் நேர்தலும் உண்டு. ஆதலின் சுரம் தணிந்தமை ஒன்றே மருந்தின் வெற்றிக்குச் சான்றாகாது. குடிநீரை உண்டாரையும் உண்ணாதாரையும் ஒருங்கு வைத்து, நோய்வகை தெளிந்து, நூல்முறைப்படி செய்த மருந்தைக்கொண்டு ஒப்பிடுதலே தக்க சோதனையாகும். மரபிற்கு நாம் செய்யும் மதிப்பும் அதுவே.