12 மணி நேர வேலைச் சட்டமுன்வடிவு (தமிழ்நாடு, 2023)

12 மணி நேர வேலைச் சட்டமுன்வடிவு என்பது தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவகுத்த, பின்னர்த் திரும்பப் பெறப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டமுன்வடிவு ஆகும். தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தச்) சட்டமுன்வடிவு, 2023 என்பது இதன் முறையான பெயர்.

பின்னணி

இந்தியாவில் ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளின் வார வேலை நேரம் 1946 ஆம் ஆண்டு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனுடன் நாளொன்றுக்கு 9 மணி என்னும் வரம்பையும் விதித்தது. அச்சட்டப்படி அதற்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு ஊதியம் வழங்க வேண்டியிருந்தது.

2020 இன் தொடக்கம் முதல் மின்னணுப் பொருட்கள், மின்சார வண்டிகள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் தமிழ்நாட்டில் பெருகின. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர், போச்சம்பள்ளி பகுதிகள் (தற்போது கிருட்டிணகிரி மாவட்டம்) இவற்றுள் முதன்மையானவை. இத்தகைய முதலீட்டாளர்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கின்றனர் என்று அரசு கூறியது.

உள்ளடக்கம்

வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை 65அ என்னும் புதிய பிரிவு அரசுக்கு வழங்கியது. வார வரம்பு 48 மணியாகவே இருக்கும், விரும்புவோர் 4 நாட்கள் வேலை செய்து 3 நாட்கள் விடுப்பு பெறலாம் என அமைச்சர்கள் விளக்கினர்.

எதிர்ப்பு

தனித்தொழிலாளி நிருவாகத்திடம் மறுப்புக் கூற இயலாது, ஆகவே விருப்பம் என்பது பெயரளவிலேயே இருக்கும் எனத் தொழிற்சங்கங்கள் வாதிட்டன. ஊதிய இழப்பும் கேள்விக்குள்ளானது. நாளொன்றுக்கு 12 மணி வீதம் 4 நாட்கள் உழைப்பவருக்குப் பழைய சட்டப்படி 12 மணி நேரம் மிகைநேரமாகும். விலக்களிக்கப்பட்டால் அது வழக்கமான வேலையாகிவிடும். முன்னதாக, வேலை நேரத்தை 12 மணியாக உயர்த்திய குசராத் அரசின் அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று நீக்கியிருந்தது.

திரும்பப் பெறல்

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் இது நிறைவேறியபோது, ஆளுங்கட்சியின் கூட்டணியிலிருந்த பொதுவுடைமைக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று தொழிற்சங்கங்களுடன் பேச்சு நடந்தபின் இது நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இதனைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதன் நூறாவது ஆண்டு அது.

பிந்தைய நிலை

1948 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை பற்றிய நடுவண் அரசின் தொகுப்புச் சட்டம் (2020) 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இது நாளொன்றுக்கு 8 மணி என வரையறுக்கிறது. எனினும் வேலைவாய்ப்பைப் பெருக்கும் பொருட்டுப் புதிய தொழிற்சாலைகளுக்கு மாநில அரசு விலக்களிக்க இதிலும் இடமுண்டு. தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில் திட்டமிடப்பட்ட சிப்காட் தொழிற்பூங்கா போன்றவற்றில் வரும் ஆலைகளுக்கும் இது பொருந்தக்கூடும். ஆகவே 2023 இல் எழுந்த வினா சட்டமுன்வடிவுடன் முடிந்துவிடவில்லை.