கண்டுகொள்ளப்படாத மூன்று கட்டுரைகள்

போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் தன் போனை நீட்டினார். "இதைப் படிச்சுப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். பார்த்தால், நான் எழுதினது! என் பெயரை வழியில் எங்கேயோ உதறிவிட்டு, கட்டுரை மட்டும் வாட்ஸப்பில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதல் பத்தியிலேயே கண் நின்றுவிட்டது. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று "முதன்முதலில்" காட்டியவர் கால்டுவெல், 1856இல், என்று எழுதியிருக்கிறேன்.

தப்பு. அது தப்பு என்று தெரிந்ததும் நானே திருத்தி இன்னொரு கட்டுரை எழுதினேன். அதை அவர் படிக்கவில்லை. யாருமே படித்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி பழைய கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிற என் கட்டுரைகளில் மூன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலாவது அந்தத் திருத்தம்தான். அதற்கு நான் வைத்திருந்த தலைப்பு: "கேம்ப்பெல் இலக்கண முன்னுரை பற்றி ஒரு பின்குறிப்பு." இதை யார் திறந்து படிப்பார்கள், சொல்லுங்கள்!

விஷயம் என்னவென்றால், 1816இல் சென்னையில் ஏ. டி. கேம்ப்பெல் என்பவர் ஆங்கிலத்தில் ஒரு தெலுங்கு இலக்கணம் வெளியிட்டார். அதன் முன்னுரையோடு சேர்த்து, பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எழுதிய நீண்ட குறிப்பு ஒன்று அச்சாகியிருக்கிறது. எல்லிஸ் அப்போது சென்னை கலெக்டர். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு இந்த ஊர் மொழிகளைச் சொல்லிக்கொடுக்க 1812இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். நம் ஆட்களுக்கு அவர் எல்லீசன். 1818இல் சென்னையில் கிணறு வெட்டி, திருக்குறளோடு கல்வெட்டும் வைத்தவர்.

இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று கல்கத்தாப் பக்கத்து அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எல்லிஸ் அதோடு வாய்ச்சண்டை போடவில்லை. வேர்ச்சொற்களை வரிசையாக எடுத்து வைத்தார். சமஸ்கிருத வேர்கள் ஒரு பக்கம், தெலுங்கு வேர்கள் ஒரு பக்கம்: ஒட்டவில்லை. பிறகு தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களைப் பக்கம் பக்கமாக வைத்தார்: ஒட்டியது. அதன் பிறகு சொற்கள், அதன் பிறகு வாக்கிய அமைப்பு. கடன் வாங்கின சொற்கள் எத்தனை இருந்தாலும், வேரும் அமைப்பும் வேறு என்று காட்டிவிட்டார். கால்டுவெல்லுக்குச் சரியாக 40 வருஷம் முன்னால்.

ஆனால் அது இருந்த இடத்தைப் பாருங்கள். இன்னொருத்தர் புத்தகம், அதுவும் தெலுங்கு இலக்கணம், அதிலும் முன்னுரை, அந்த முன்னுரைக்கு ஒரு குறிப்பு. யார் கண்ணில் படும்? நாற்பது வயசு ஆகிற வரைக்கும் பெரிதாக எதையும் வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் தீர்மானம் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில், தவறுதலாக விஷத்தைச் சாப்பிட்டு இறந்துபோனார். வயசு நாற்பத்தொன்றைத் தாண்டியிருக்காது. அவர் விட்டுப்போன காகிதங்களில் பெரும்பகுதி மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டது என்றொரு கதை வழிவழியாக வருகிறது. தாமஸ் டிரவுட்மன் 2006இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிய பிறகுதான் பலருக்கும் இந்த விவரம் எட்டியது. எனக்கும் அப்படித்தான்.

இப்போது திரும்பப் படிக்கும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. கால்டுவெல்லை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் எல்லிஸை உட்கார வைத்துவிட்டேன், அவ்வளவுதான். எல்லிஸுக்கு அந்தத் தெலுங்கு வேர்ப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்த பட்டாபிராம சாஸ்திரி, தன் அகராதியின் மூலம் தெலுங்குச் சொற்களை வகைபிரித்துக் காட்டிய மாமிடி வெங்கய்யா, இவர்கள் இரண்டு பேரும் என் திருத்தத்தில் இல்லவே இல்லை. "முதன்முதலில்" என்று ஒரு ஆளைச் சொல்லிவிட்டால் வாக்கியம் நன்றாக நிற்கிறது. அந்த ஆசையில் விழுந்த தப்பு இது. முதல் கட்டுரையிலும் அதே ஆசைதான்.

இரண்டாவது கட்டுரை தாது வருஷப் பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் சொல்லுகிற பஞ்சம். 55 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. என் கட்டுரைத் தலைப்பு: "நிவாரணக் கூலி விகிதங்கள், 1877." உள்ளே முழுக்க அட்டவணை. தூங்காமல் படித்தவர் யாராவது இருந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அந்த அட்டவணைக்குள் இருந்தது ஒரு சண்டை. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்புகிறார், செலவைக் குறைக்கச் சொல்லி. இதே டெம்பிள் 1874இல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து சாவைப் பெருமளவு தடுத்தவர். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை. தண்டச் செலவு என்று திட்டு வாங்கினார். சூடுபட்ட பூனை இந்தத் தடவை எதிர்ப்பக்கம் போனது. மண் வெட்டி, கல் சுமக்கிற ஆளுக்கு நாளைக்கு 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார்.

அதை எதிர்த்து நின்றவர் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்த டாக்டர் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர். உழைக்கிற உடம்புக்கு 680 கிராமாவது வேண்டும், கூடவே காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். கடைசியில் மாகாண அரசு 570 கிராமும், 43 கிராம் பருப்புக் கணக்கும் என்று பாதிவழி இறங்கி வந்தது. இரண்டு மூன்று மாசச் சண்டைக்குப் பலன் 120 கிராம் தானியம், ஒரு கைப்பிடிப் பருப்பு.

இதை நான் எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? "கூலி விகிதம் 1877இல் திருத்தியமைக்கப்பட்டது." ஒரே வரி. அந்த 120 கிராமை ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். நேற்று நிறுத்தேன். ஒரு டம்ளர் அரிசிகூட வரவில்லை. அந்த அளவு, நாள் பூரா கல் சுமந்துவிட்டு வருகிறவனுக்கு என்னவாக இருந்திருக்கும்? இந்தக் கட்டுரையை யாரும் படிக்காததற்கு வாசகர்களைக் குறை சொல்ல முடியாது. நான்தான் ஆட்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்தேன்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாம்டனின் நில அளவை பற்றியது. 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கின வேலை. 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்துக்கு மேலே தூக்கும்போது, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி கயிறு அறுந்து மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தானே உட்கார்ந்து சரிசெய்தார். எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டுரை. இப்போது படித்தால், கருவிக்கு என்ன ஆச்சு என்று ஆறு பத்தி இருக்கிறது. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று ஒரு கேள்விகூட இல்லை. இது கவனிக்கப்படாமல் போனதில் எனக்கு வருத்தமே கிடையாது.

ஆக, மூன்றில் ஒன்று அப்படியே கிடக்கட்டும். பஞ்சக் கட்டுரையைத் திரும்ப எழுத வேண்டும், இந்தத் தடவை தராசிலிருந்து தொடங்கி. எல்லிஸ் திருத்தத்தை மட்டும் உடனே புதுசாக எழுதி, சாஸ்திரியையும் வெங்கய்யாவையும் சேர்த்து, அந்தக் கல்யாண வீட்டு உறவினருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. "அப்போ கால்டுவெல் சொன்னது பொய்யா?"

இல்லை சார். கால்டுவெல் செய்தது ரொம்பப் பெரிய வேலை. எல்லிஸ் சில பக்கங்களில் காட்டியதை அவர் இன்னும் பல மொழிகளைச் சேர்த்து ஒரு முழு ஒப்பிலக்கணமாகவே எழுதினார். அந்தக் குடும்பத்துக்குத் 'திராவிட' என்ற பெயரை நிலைக்க வைத்ததும் அவர்தான். முதல் ஆள் அவர் இல்லை, அவ்வளவுதான். பழைய கட்டுரையை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.